பின்லேடனும் வாடிவாசலும்



அலங்காநல்லூர்க் காளைக்கும் ஆப்கன் மலைக்குகைக்கும் என்ன உறவு? திமில் தழுவும் வீரத்துக்கும் அல்கொய்தாவின் வெடிகுண்டுக்கும் என்ன ஒட்டு? பள்ளிச் சிறுவனிடம் கேட்டுப் பாருங்கள், கைகொட்டிச் சிரிப்பான். ஆனால் 2017-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே, முதலமைச்சராக வீற்றிருந்த ஓ. பன்னீர்செல்வம் அவர்கள் அந்த உறவைக் கண்டெடுத்து நாட்டுக்கு அறிவித்தார்!

சமூக விரோதிகள் நுழைந்தனராம். தேச விரோதிகள் நுழைந்தனராம். தீவிரவாத எண்ணம் கொண்டோர் மாணவரோடு மாணவராகக் கலந்தனராம். தனித் தமிழ்நாடு கேட்டோர் இருந்தனராம், குடியரசு நாளைப் புறக்கணிக்கச் சொன்னோர் இருந்தனராம். இவற்றுக்கெல்லாம் முடிசூட்டுவதுபோல, பின்லேடன் படத்தை வைத்திருந்தவர்களும் அங்கே இருந்தனராம்! சான்று எங்கே என்று எவரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஒளிப்படத்தையும் அவையிலே எடுத்துக் காட்டினார்.

படம் காட்டினார். படத்தோடு பயமும் காட்டினார்.

பின்லேடன் 2011-ஆம் ஆண்டு மே மாதமே அபோட்டாபாத்தில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டான். மாண்டு ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆனவன், மெரினா மணலிலே மாட்டுக்காக மன்றாட வந்தான் என்பதுதான் கோட்டை சொன்ன கதை. கதை எழுதிப் பிழைப்பவன் நான். ஆனாலும் இப்படி ஒரு கதை எழுத எனக்குத் துணிவு வந்ததில்லை.

நானும் அந்த மணலிலே இருந்தவன்தான், தோழர்களே. இதே நெய்வேலியிலிருந்து மூவர் புறப்பட்டோம். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு நாடகக் குழுவோடு ஊர் ஊராய் அலைந்து கொண்டிருந்த நான், சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்த்த ஒருவன், எங்கள் மேடைக்கு விளக்குப் போடும் இசுலாமிய நண்பன் ஒருவன். 19-ஆம் நாள் இரவுப் பேருந்து. விடியலிலே கடற்கரை. தலைவர் இல்லாத கூட்டம், மேடை இல்லாத மாநாடு! இருள் சூழ்ந்தபோது ஆயிரமாயிரம் கைப்பேசி விளக்குகள் வானத்து மீன்களெனச் சுடர்ந்தன. உணவுப் பொட்டலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்துகொண்டே இருந்தது. 20-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. நண்பகலில் இசுலாமியத் தோழர்கள் அங்கேயே தொழுதார்கள். சுற்றிலும் நின்றோர் இடம் விட்டு, ஒலி அடக்கி, காத்து நின்றார்கள். என் நண்பன் அந்த வரிசையிலே இருந்தான். அவன் காலணிகளை நான் கையிலே வைத்துக்கொண்டிருந்தேன். மெரினாவிலே நான் கண்ட இசுலாமியத் 'தீவிரம்' அவ்வளவே!

22-ஆம் நாள் இரவே நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். ஆகவே, 23-ஆம் நாள் காலையில் நடந்ததை நான் கண்ணாரக் கண்டவனல்லன். நாடறிந்ததைத்தான் சொல்கிறேன். அவசரச் சட்டம் 21-ஆம் நாளே வந்துவிட்டது. நிலையான சட்டம் வேண்டும் என்று இளைஞர்கள் அமர்ந்திருந்தார்கள். 23-ஆம் நாள் விடிந்ததும் காவல்துறை அவர்களைக் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்தியது. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை பறந்தது. ஐஸ் அவுஸ் காவல் நிலையத்தில் தீப்பிடித்தது. ஓடி வந்த பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்த நடுக்குப்பத்து மீனவர்களின் மீன் சந்தை எரிந்தது. காவலர்களே வண்டிகளுக்குத் தீயிடுவதுபோன்ற காணொளிகள் நாடெங்கும் பரவின. அதே நாள் மாலை, சட்டமன்றம் கூடி, இளைஞர்கள் கேட்ட சட்டத்தை நிறைவேற்றியது! காலையிலே அடி, மாலையிலே சட்டம், நான்காம் நாள் பின்லேடன்!

கேட்டவர்கள் தேச விரோதிகள் என்றால், கேட்டதைக் கொடுத்தவர்கள் யார்? அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தால் பட்ட காயத்துக்கு எந்த மன்றம் தீர்ப்பளிக்கும்?

காயம் யாருக்கு என்று கேளுங்கள். எனக்கல்ல. நான் கடற்கரையில் எடுத்த படங்களை இன்றும் எல்லோரிடமும் காட்டுகிறேன். என் நண்பனின் கைப்பேசியில் அந்தப் படங்கள் இல்லை. 27-ஆம் நாள் இரவுச் செய்தியைக் கேட்ட அவன் தாயார், அவன் உறங்கிய பிறகு, ஒவ்வொன்றாக அழித்துவிட்டார்களாம். "யாராச்சும் வந்து கேட்டா நான் என்னடா சொல்றது?" என்றான் அவன் என்னிடம். லட்சக்கணக்கானவர்கள் கூடிய கடற்கரையிலே, 'நானும் இருந்தேன்' என்று சொல்ல அஞ்சியவன் அவன் ஒருவனாகத்தான் இருந்திருப்பானா?

ஏன் பின்லேடன்? வேறு பெயர் கிடைக்கவில்லையா? கிடைக்கும். ஆனால் இந்தப் பெயருக்கு ஒரு வசதி உண்டு. பெயரை உச்சரித்தால் போதும், விளக்கம் கேட்க மாட்டார்கள். வண்டிக்காரன் யார், ஊர் எது, எந்த அமைப்பு, என்ன குற்றம், எந்த வழக்கு என்ற கேள்விகள் எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும். நாடகத்திலே இதற்கு ஓர் உத்தி உண்டு. கதை சிக்கிக்கொண்டது, முடிச்சு அவிழவில்லை, காட்சியோ முடிந்தாக வேண்டும். உடனே ஒட்டுத்தாடி வைத்த ஒருவனை உள்ளே அனுப்பு, எல்லாப் பழியையும் அவன் தலையிலே போடு, திரையை இறக்கு!

நானும் அதைச் செய்திருக்கிறேன். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதினேன். மூன்றாம் காட்சியிலே வெளியூரிலிருந்து ஒரு மர்ம மனிதன் வருவான், அமைதியாக இருந்த தொழிலாளரைத் தூண்டிவிடுவான். மந்தாரக்குப்பத்தில் நடந்தபோது கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. முடிந்ததும் ஒரு பெரியவர் வந்தார், ஓய்வுபெறாமலே வேலை போன ஒப்பந்தத் தொழிலாளி. "தம்பி, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன். எனக்குச் சம்பளம் பத்தலைங்கறது எனக்குத் தெரியாதா? அசலூர்க்காரன் வந்து சொல்லித்தான் தெரியணுமா?" என்றார். நான் வாயடைத்து நின்றேன்.

நெய்வேலியில் வாழும் நமக்கு ஓர் உண்மை தெரியும். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் இருக்கிறது, அழுத்தத்தோடு இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேல்மண்ணை அகற்றினால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு நீர் மேலே வரும். ஆகவே, சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு இறக்கி, அல்லும் பகலும் நீரை இறைக்கிறார்கள். எந்தப் பொறியாளரும், 'வெளிநாட்டுச் சதியால் நீர் பொங்குகிறது' என்று அறிக்கை எழுதியதில்லை. அளவுகோலை இறக்கி அழுத்தத்தை அளக்கிறார்.

சுரங்கத் தரைக்குத் தெரிந்த இந்த நீதி, பெரும் பேரரசுகளுக்குத் தெரியவில்லை. சீனத்தின் மேற்கெல்லையில் சிஞ்சியாங் என்றொரு நிலம். நம் ஊரைப் போலவே நிலக்கரி உண்டு, எண்ணெயும் உண்டு. அங்கே காலங்காலமாக வாழ்வோர் உய்குர் மக்கள். துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், இசுலாம் அவர்கள் சமயம். எங்கள் மண்ணின் கரியும் எண்ணெயும் எங்கே போகின்றன, வேலை யாருக்குக் கிடைக்கிறது, பள்ளியில் எங்கள் மொழி ஏன் தேய்கிறது என்பவை அவர்கள் குறைகள். இந்தக் கேள்விகள் உங்களுக்குப் புதியனவா, தோழர்களே?

2009 ஜூன் இறுதியில், தாயகத்திலிருந்து நெடுந்தொலைவு சென்று குவாங்தோங் மாநிலத்துப் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த உய்குர் தொழிலாளர் இருவர், ஒரு வதந்தியால் மூண்ட இரவுக் கலவரத்திலே கொல்லப்பட்டனர். நீதி கேட்டு ஜூலை 5-ஆம் நாள் உரும்கி நகரத் தெருவிலே உய்குர்கள் திரண்டனர். அது கொடுங்கலவரமாக வெடித்தது. 197 பேர் மாண்டனர் என்றது அரசு. மாண்டவருள் பெரும்பாலோர் ஹான் சீனர், தெருவிலே சென்ற எளியவர்கள். அந்தக் கொலைகளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் பெய்ஜிங் சொன்ன காரணம் என்ன? பயங்கரவாதம், பிரிவினைவாதம், சமயத் தீவிரவாதம் ஆகிய 'மூன்று சக்திகள்'! வெளிநாட்டிலிருந்து தூண்டினார்கள்! பொம்மைத் தொழிற்சாலையில் விழுந்த இரண்டு பிணங்கள் பின்னுக்குப் போய்விட்டன.

அந்தப் பல்லவி அன்று தொடங்கியதன்று. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சாய்ந்த நான்காம் மாதமே, 2002 ஜனவரியிலே, சீன அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுவரை பிரிவினைவாதிகள் என்று பேசப்பட்டோர், பின்லேடனின் ஆட்களாகப் பெயர் மாற்றம் பெற்றனர். அமெரிக்காவும் அதே ஆண்டில் 'கிழக்குத் துர்க்கிஸ்தான் இசுலாமிய இயக்கம்' என்ற அமைப்பைப் பயங்கரவாதப் பட்டியலிலே ஏற்றியது. பிறகு, பெய்ஜிங்கோடு பகை முற்றிய காலத்தில், 2020-இல் அதே அமெரிக்கா அந்தப் பெயரை ஒரு பட்டியலிலிருந்து இறக்கியது. ஏற்றுவதும் இறக்குவதும் எதைப் பார்த்து என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இடையிலே நசுங்கியவர் எத்தனை பேர்! குவாண்டனாமோ சிறையிலே 22 உய்குர்கள் அடைக்கப்பட்டனர். பரிசுப் பணத்துக்காகப் பிடித்துக் கொடுக்கப்பட்டவர்கள் அவர்களிலே பலர். 17 பேரை விடுவிக்கும்படி அமெரிக்க நீதிபதி ஒருவர் 2008-இல் ஆணையிட்டார். கடைசி மூவர் வெளியே வந்ததோ 2013 டிசம்பர் இறுதியில், சுலோவாக்கியா நாட்டுக்கு!

அங்கேயும் அழுத்தத்தை அளந்து சொன்ன ஒருவர் இருந்தார். இல்ஹாம் தோஹ்தி, பெய்ஜிங்கில் பொருளியல் பேராசிரியர், உய்குர் இனத்தவர். வேலையின்மையை எழுதினார், மொழிக்கொள்கையை எழுதினார், இருதரப்பும் பேச வேண்டும் என்றார். 2014-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது சீன நீதிமன்றம். பின்னர் அந்த மண்ணிலே தடுப்பு முகாம்கள் பெருகின. அங்கே நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகக் கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டு 31-இல் அறிக்கை தந்தது.

'அப்படியானால் பயங்கரவாதமே இல்லை என்கிறாயா?' என்று கேட்போர் கேட்கட்டும். இருக்கிறது. 2014 மார்ச்சில் குன்மிங் ரயில் நிலையத்திலே கத்தியோடு பாய்ந்தவர்கள் 31 பேரைக் கொன்றார்கள். உய்குர்களில் சிலர் சிரியாவிலே ஆயுதம் தாங்கிப் போரிட்டதும் உண்மை. அவ்வளவு தொலைவு ஏன்? 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் கோவையில் வெடித்த குண்டுகளுக்கு 58 உயிர்கள் பலியாயின. அதை மறந்தவன் தமிழனல்லன். அந்த வழக்கு எப்படி நடந்தது? பெயர் குறித்து, சாட்சி வைத்து, நீதிமன்றத்திலே நடந்தது. தண்டிக்கப்பட்டோரும் உண்டு, விடுவிக்கப்பட்டோரும் உண்டு. குண்டு வைத்தவன் என்றால் கூண்டிலே நிறுத்து, பேரவையிலே படம் காட்டாதே என்பதுதான் என் வாதம்.

தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். 2018 மே மாதம், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்திலே 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றும் 'சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள்' என்ற குரல் ஒலித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில் பேரவையிலே வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. ஆணையம் அளவுகோலை இறக்கிப் பார்த்தது, ஒட்டுத்தாடி கழன்று விழுந்தது.

இதையெல்லாம் படித்து, 'ஆகா, மாற்றாரை நன்றாகச் சாடினான்' என்று மகிழாதீர்கள். நம் வீட்டுக்கு வருகிறேன்.

1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் பொங்கியபோது, முதலமைச்சர் பக்தவத்சலம் அவர்கள் வன்செயலுக்கெல்லாம் பொறுப்பு நம் இயக்கமும் இடதுசாரிகளும் என்றார். மாணவனுக்குத் தன் மொழிமீது தானாகப் பற்று வந்திருக்காது என்பது அவர் கணக்கு. அன்று அந்த ஒட்டுத்தாடியை நம் முகத்திலே ஒட்டினார்கள். ஒட்டுவோரின் கை அறிந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் என்ன செய்தோம்?

2023 ஜூலை 26. நம் ஊருக்குப் பக்கத்திலே வளையமாதேவி. பரவனாற்று வாய்க்காலுக்காக, கதிர் விடும் நெற்பயிர்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். ஏட்டிலே அது சரியாகவே இருக்கட்டும். பயிர் அழிவதைக் கண்டு மனம் நொந்ததாக உயர்நீதிமன்ற நீதிபதியே சொன்னார். இரண்டு நாள் கழித்து, 28-ஆம் நாள், நெய்வேலி வளைவு வாயிலின் முன் நடந்த முற்றுகை கலவரமாயிற்று. கல் பறந்தது, காவலர் காயமுற்றனர், வானை நோக்கிச் சுட்டார்கள். அன்று கோட்டையிலிருந்தது நம் ஆட்சி.

அன்று மாலை தேநீர்க் கடையில் நம் தோழர்கள் நால்வர் பேசிக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் வெளியூர் ஆளுங்க. தூண்டிவிட்டிருக்காங்க" என்றார் ஒருவர். முற்றுகைக்கு வந்தோரிலே வெளியூரார் இருந்தார்கள், மெய்தான். கட்சி ஒன்று அழைத்த போராட்டம் அது, அதிலே அவர்களுக்கு அரசியல் கணக்கும் இருந்திருக்கும். ஆனால் வளையமாதேவியின் வயல் வெளியூரிலா இருக்கிறது? அந்த நெல்லை நட்டவர்கள் வெளியூராரா? இந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை. நானும் தலையாட்டினேன், தோழர்களே. தேநீரைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன். பேசாமல் இருந்தவன் ஒருவன்தான், என் விளக்கு நண்பன். குவளையை வைத்துவிட்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்து போய்விட்டான்.

அந்த நாடகத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். மூன்றாம் காட்சியில் மர்ம மனிதன் இல்லை. அவனுக்குப் பதிலாகச் சம்பளச் சீட்டு ஒன்று மேடைக்கு வருகிறது, அதை ஒரு தொழிலாளியின் மனைவி வரி வரியாகப் படிக்கிறாள். பழைய காட்சியிலே இருந்த விறுவிறுப்பு இதிலே இல்லை என்று குழுவினர் குறைப்படுகிறார்கள். மர்ம மனிதனாக நடித்த தோழருக்கோ தன் வேடம் போன வருத்தம் இன்னும் தீரவில்லை. ஒத்திகை நடக்கிறது. முதல் அரங்கேற்றத்தை வளையமாதேவியிலேயே நடத்தக் கேட்டிருக்கிறோம். விளக்குப் போட நண்பன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.