ஒரு கையில் முட்டை, ஒரு கையில் ரைஃபிள்!

புலி, யானை போன்ற பெரிய மிருகங்களை வேட்டையாட எந்தத் துப்பாக்கி நல்லது? ‘எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது’ என்பதுதான் நூறு வருடங்களுக்கு முன்பு பல வேட்டைக்காரர்களின் எண்ணம்.

அந்தப் பெருசு, சிறுசைச் சொல்வதுதான் ‘காலிபர்’. குழலின் உள்விட்டத்தை ஒட்டிய அளவு இது. பிரிட்டிஷ்காரர்கள் அதை அங்குலத்தில் சொல்வார்கள். .275 என்றால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். குண்டின் எடை 9 முதல் 11 கிராம். .470 என்றால் குண்டே 32 கிராம்! அடி இடி மாதிரி இறங்கும். ஆனால், ரைஃபிளின் எடை 5 கிலோவைத் தொடும். சுடுபவரின் தோளையும் பதம் பார்க்கும்.

பெரிய மிருகத்தின் மீது அரைகுறையாகச் சுட்டால் என்ன ஆகும்? 1907-ல் குமாவுன் மலையில் உள்ள சம்பாவத்தில், 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பெண்புலியை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதன் வாயைப் பார்த்தால், வலப்பக்கத்து மேல், கீழ் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை! வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று கார்பெட் முடிவுகட்டினார். யாரோ ஒருவரின் குறி தப்பியதற்கு ஊர் ஊராக விலை கொடுத்தார்கள்.

அந்த வேட்டைக்காக கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி ரைஃபிள். சின்ன காலிபர்தான். ஆனால், 1930-ல் அவர் உயிரைக் காப்பாற்றியதும் அதுதான்.

சௌகர் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போன அன்று, வழியில் கிடைத்த பக்கிப் பறவையின் முட்டைகள் அவரது இடது கையில் இருந்தன. ஒரு பாறையைக் கடந்து திரும்பிப் பார்த்தால், எட்டடி தூரத்தில் புலி! சட்டென்று அசைந்தால் பாய்ந்துவிடும். வலது கையால் மட்டும் ரைஃபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, தோளில் வைக்காமலே சுட்டார். புலி சாய்ந்தது. கனமான ரைஃபிளாக இருந்திருந்தால் ஒற்றைக் கையால் திருப்பியிருக்கவே முடியாது.

ஆப்பிரிக்காவில் ‘கரமோஜோ’ பெல் இன்னும் ஒருபடி மேலே போனார். தந்தத்துக்காக அவர் வீழ்த்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளில் பெரும்பாலானவை இதே 7 மில்லிமீட்டர் குண்டுக்கு விழுந்தவை. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்து வைத்திருந்தார். உள்ளே போய் நசுங்காத, முழுக்கக் கவசமிட்ட குண்டையே பயன்படுத்தினார்.

அப்படியானால் சின்னதே போதுமா? போதாது. பெல்லைப் போல நிதானமாகக் குறிபார்ப்பவர்கள் அபூர்வம். பாய்ந்து வரும் எருமைக்கு முன்னால் கை நடுங்கத்தான் செய்யும். அதனால்தான், வேட்டைக்கு அனுமதி உள்ள ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் யானை, எருமைக்குக் குறைந்தபட்சம் .375 அல்லது அதை ஒட்டிய காலிபர் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கார்பெட்டும் .450/400 இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றை வைத்திருந்தார்.

மிருகத்தின் உள்ளுறுப்பு வரை போகும் குண்டு. அதைச் சரியான இடத்தில் சேர்க்கும் அளவுக்குச் சுடுபவரின் கைக்கு அடங்கும் ரைஃபிள். இரண்டும் பொருந்தும் காலிபர்தான் சரியான காலிபர். பொருந்தாவிட்டால், காயத்தோடு காட்டுக்குள் ஓடும் மிருகம் அடுத்து யார் எதிரில் வந்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.