அடுக்களைக் கணக்கு: அம்மாவின் தட்டில் கை வைக்காதீர்கள்

விலைவாசி ஏறிவிட்டது என்று புலம்பாத வீடு உண்டா, சொல்லுங்கள்! ஒரு மாசம் தக்காளி, மறு மாசம் சின்ன வெங்காயம், அதற்கடுத்து எண்ணெய் என்று ஏதாவது ஒன்று முறை வைத்துக்கொண்டு நம்மைப் பாடாய்ப் படுத்துகிறது. 2019 டிசம்பரில் பெரிய வெங்காயம் யானை விலை குதிரை விலை விற்றது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் வைத்து 60 ரூபாய்க்கு விற்கும்படி ஆயிற்று.

விலை ஏறினால் வீட்டில் என்ன நடக்கிறது? பாலை நிறுத்த முடியாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை நிறுத்த முடியாது. கேஸ் இல்லாமல் அடுப்பு எரியாது. கடைசியில் நாம் கை வைப்பது காய்கறியில்தான். அரைக் கிலோ பீன்ஸ் கால் கிலோவாகிறது. அந்தப் பொரியலை அவருக்கு, பிள்ளைகளுக்கு, மாமியாருக்கு என்று பரிமாறிய பிறகு சட்டியில் என்ன மிஞ்சும்? நமக்கு மோர்சாதமும் ஊறுகாயும். "எனக்கு இது போதும்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை வேறே!

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. விலைவாசி ஒன்றையே சொல்லிவிட முடியாது. ஆனால் கீரையும் காயும் பருப்பும் நம் தட்டில் குறைந்துகொண்டே போவதும் ஒரு காரணம்தானே? சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் கடை. அம்மாவின் தட்டு அல்ல. எதை எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா?

காய்கறிக்கு உழவர் சந்தை

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் தேதி எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விவசாயிக்கு அடையாள அட்டை, வாடகை இல்லாத கடை, தராசு எல்லாம் அங்கேயே கொடுக்கிறார்கள். நடுவில் தரகர் கிடையாது. மொத்த விலைக்கு மேல் சுமார் 20 சதவிகிதம் வைத்து, வெளிக்கடை விலையைவிட 15 சதவிகிதம் குறைவாக இருக்கும்படி அன்றன்றைக்கு விலை நிர்ணயம் செய்வது வழக்கம். உதாரணமாக, மொத்த விலையில் 30 ரூபாய்க்குப் போகும் கத்தரிக்காய் சந்தையில் 36 ரூபாய். வெளியே 42 ரூபாய். விளைவித்தவருக்கும் கூட வருகிறது, வாங்குகிற நமக்கும் மிச்சமாகிறது.

கிலோவுக்கு ஆறு ரூபாய் ஒரு மிச்சமா என்று கேட்பீர்கள். தினம் ஒரு கிலோ காய் செலவாகும் வீட்டில் அது மாசத்துக்கு 180 ரூபாய். ஆனால் போக வர ஆட்டோ வைத்தால் இரண்டே நடையில் அந்தப் பணம் போச்சு! 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது அல்லவா? மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நடை போனால் போதும். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். வெயில் ஏறிப் போனால் நல்ல காயெல்லாம் தீர்ந்திருக்கும்.

இன்னொரு விஷயம். சந்தையில் விலைப்பலகை எழுதி வைத்திருப்பார்கள். அதை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். மற்ற நாட்களில் தள்ளுவண்டியில் வாங்கும்போது அதுதான் உங்கள் அளவுகோல்.

"என்னண்ணே, சந்தையில கத்தரிக்கா முப்பத்தாறுதானே?"

"தூக்கிட்டு வர்ற கூலி வேணாமா தாயி? நாப்பதுன்னு எடுத்துக்கங்க."

நியாயம்தான். வாசலுக்கே கொண்டு வருகிறவருக்கு நாலு ரூபாய் கூடக் கொடுக்கலாம். அறுபது என்றால்தான் நோட்டைப் பிரிக்க வேண்டும்! சந்தையில் மண்ணும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு கேட்டால் சந்தோஷமாகவே தருவார்கள்.

மளிகைக்கு எங்கே?

அரிசி கார்டு இருந்தால் ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கிறது. கூட்டத்தைப் பார்த்து மலைக்காமல் முதலில் அதை வாங்கி வையுங்கள். சாம்பாருக்குப் பருப்பு வந்தாச்சே!

சூப்பர் மார்க்கெட்டில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பாக்கெட்டில் மொத்த விலையோடு ஒரு கிராமுக்கு இன்ன விலை என்றும் போடும்படி சட்டமே இருக்கிறது. பெரிய பாக்கெட்டுதான் மலிவு என்று நினைக்காமல் அந்தக் கணக்கைப் பாருங்கள். வீட்டில் சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். சீட்டில் இல்லாததைக் கூடையில் போடாதீர்கள்.

தெருமுனை அண்ணாச்சி கடையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூடத்தான் இருக்கும். ஆனால் மாசக் கடைசியில் கை வறண்டிருக்கும்போது நோட்டில் எழுதிக்கொண்டு பருப்பு கொடுப்பவர் அவர்தானே? அதற்கும் ஒரு விலை உண்டு. ஐம்பது கிராம் கடுகு, நூறு கிராம் வெந்தயம் என்று தேவைக்கு மட்டும் வாங்கவும் அந்தக் கடைதான் சௌகரியம்.

விலை ஏறிய காயை விடுங்கள், காயையே விடாதீர்கள்

தக்காளி ஏறினால் புளி ரசம், எலுமிச்சை ரசம், மோர்க்குழம்பு என்று பத்து நாள் ஓட்டலாம். பீன்ஸும் காரட்டும் எட்டாத உயரத்தில் இருந்தால் புடலங்காய், பூசணிக்காய், சுரைக்காய் பக்கம் திரும்புங்கள். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்தும் இருக்கிறது, விலையும் குறைவு. வீட்டில் மரம் இருந்தால் விலையே இல்லை! சாப்பாட்டில் கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள்.

சந்தையிலிருந்து வந்ததும் கீரையை ஈரம் போக உதறி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். முதல் இரண்டு நாளுக்குள் கீரை, அப்புறம் வெண்டை, கத்தரி, கடைசியில் பூசணி, சேனை என்று வரிசையாகச் சமைத்தால் எதுவும் குப்பைக்குப் போகாது.

இப்படி மிச்சமாகும் 180 ரூபாயை டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லவில்லை. அது வாரம் இரண்டு கட்டு கீரையாகவும், கொஞ்சம் நிலக்கடலையாகவும், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டையாகவும் வீட்டுக்குத் திரும்பி வரட்டும். பரிமாறும்போது ஒரு கரண்டி பொரியலை முதலிலேயே எடுத்து உங்களுக்கென்று மூடி வையுங்கள். வீட்டில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் நினைத்துவிட்டுப் போகட்டும்!

உங்கள் ஊர்ச் சந்தையில் காய் விலை எப்படி? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் எண்ணெய்க் கணக்குப் பார்ப்போம்.