மதகு யார் கையில்?

'கவனக்குறைவு' என்னும் சொல்லை ஆசிரியர்கள் வாயால் கேளாதவர் நம்மில் எவருமிலர். அது ஒரு கோளாற்றின் பெயருமாகும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டில் 1980-ஆம் ஆண்டு அப்பெயரைச் சூட்டியது. 1987-இல் 'மிகை இயக்க'மும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஏ.டி.எச்.டி. என்று இன்று சொல்லப்படுவது அதுவே. எனக்கும் அது உண்டு. ஆயினும் அப்பெயர் பொருந்தவில்லை என்பதே என் வாதம்.

கவனம் குறைந்தவன், பழுதான வானொலிப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு மாலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை எழாமல் இருப்பது எங்ஙனம்? விடுதியில் சாப்பாட்டு மணி அடிக்கும், காதில் விழாது. தாகம் தெரியாது. தோழன் தோளைத் தொட்டால் சினம் பொங்கும். மறுநாள் தேர்வென்பது யாருக்கோ உரிய செய்தியாகத் தோன்றும். நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். எல்லா நிலையங்களின் அலைகளும் ஏன் 455 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணுக்கு மாற்றப்படுகின்றன என்பது, வகுப்பில் மூன்று முறை கேட்டும் ஏறாதது, அப்படியோர் இரவில் விளங்கிற்று. இன்றுவரை மறக்கவில்லை.

இங்கேதான் வழக்கு எழுகிறது. "வானொலிக்கு ஆறு மணி நேரம் உட்காருகிறவனுக்குப் பாடத்துக்கு அரை மணி நேரம் உட்கார முடியாதா? எல்லாம் திமிர்!" என்று வீட்டிலும் வகுப்பிலும் தீர்ப்பாகிறது. கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு 18 அறிகுறிகளை வரிசைப்படுத்துகிறது. இப்படி மூழ்கிப்போதல் அவற்றுள் இல்லை. ஆகவே நோயின் பக்கம் நிற்க வேண்டிய சாட்சி, நோயாளிக்கு எதிராகவே கூண்டேறுகிறது.

ஏரியில் நீர் இல்லாமலில்லை. மதகுதான் நம் கையில் இல்லை. புதுமை, ஆர்வம், தலைக்கு மேல் வந்த நெருக்கடி ஆகியவற்றுக்கு அது திறக்கும். கடமை என்று தட்டினால் பெரும்பாலும் திறப்பதில்லை. திறந்தபின் மூடுவதும் அரிது. எல்லோருமே விருப்பமானதில் ஆழ்வதுண்டு. ஆனால் மணியடித்தால் அவர்கள் எழுந்து வருகிறார்கள்.

இதையே வரமென்று கொண்டாடுவோரும் உளர். எடிசனையும் ஐன்ஸ்டீனையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றனர். இறந்தவருக்கு நோய் கண்டறிவது எளிது. மறுத்துப் பேச அவர் வரப்போவதில்லை! மேதைப் பட்டம் எங்களுக்கு வேண்டாம். பருவத் தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கூறும் 21 வகைகளில் இதற்குத் தனி இடம் இல்லை. நான் கேட்பது சட்டமும் அன்று. ஒரு மாதம் கழித்துத் தரவேண்டிய ஒப்படைப்பை, வாரத்துக்கொரு பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். அருகிலுள்ள கெடு எங்களுக்குக் கண்ணில் படும், தொலைவிலுள்ளது படாது. பேராசிரியப் பெருமக்கள் வரும் பருவத்தில் ஒரே ஒரு பாடத்திலாவது இதைச் செய்து பார்க்கலாம்.