"உனக்குத் தெரியாதும்மா!"

ஆறாவது படிக்கும் என் மகள், இங்கிலீஷ் பாடத்தில் சந்தேகம் வந்தால் பக்கத்துத் தெருவுக்கு ஓடுவாள். "என்கிட்ட கேளேன்" என்றால், "உனக்குத் தெரியாதும்மா" என்பாள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஒருநாள் அவளுடைய பழைய மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்தேன். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்று நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம்; அங்கே 'ஐ ஈட் ரைஸ்' என்று நடுவில் வருகிறது. 'தேனி பஸ் வந்துச்சா?' என்று கேட்க நமக்குக் கடைசியில் ஒரு 'ஆ' போதும். அவர்களுக்கு 'டிட்' என்று முதலில் ஒரு துணைச்சொல் வேண்டும். 'வா', 'வாங்க' இரண்டுக்கும் ஒரே 'கம்'தான். மரியாதைக்கு 'ப்ளீஸ்' சேர்க்க வேண்டும். இவ்வளவுக்கா பயந்தோம் என்று தோன்றியது!

உலை கொதிக்கும் நேரத்தில் தினமும் ஐந்து வாக்கியம் எழுதிப் பழகினேன். இப்போது மகள் நோட்டோடு என்னிடமே வருகிறாள். எனக்குத் தெரியாததை இருவரும் சேர்ந்து தேடுகிறோம்.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் வந்துவிட்டன. வீட்டில் கேட்க ஆளில்லாமல் பிள்ளைகள் திண்டாடலாமா? பழைய புத்தகங்களை எடைக்குப் போடும் முன், நாம் ஒருமுறை படித்துவிடுவோம் தோழிகளே!

- ஒரு வாசகி, மயிலாடும்பாறை.