கர்ப்ப காலப் புற்றுநோய்: 'ஆயிரத்தில் ஒன்று' என்ற கணக்கு இந்தியாவுக்குப் பொருந்துமா?

புதுதில்லி: சுமார் ஆயிரம் கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் புற்றுநோய் கண்டறியப்படுகிறது என்பது மருத்துவ உலகில் நெடுங்காலமாக மேற்கோள் காட்டப்படும் கணக்கு. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி குழந்தைகள் பிறக்கின்றன. அந்த விகிதத்தை இங்கே பொருத்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 23,000 தாய்மார்கள் என்ற எண் கிடைக்கிறது. ஆனால் இது வெறும் பெருக்கல் கணக்கு. எண்ணிப் பார்த்துக் கூறப்பட்டதல்ல.

எண்ணிப் பார்த்த இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். அங்கு 1994 முதல் 2008 வரை நிகழ்ந்த சுமார் 13 லட்சம் பிரசவங்களின் பதிவுகள், புற்றுநோய்ப் பதிவேட்டுடன் இணைத்து ஆராயப்பட்டன. கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டிலும் கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் மொத்தம் 1,798. இவற்றில் கர்ப்ப காலத்திலேயே தெரியவந்தவை 499 மட்டுமே. எஞ்சிய 1,299 குழந்தை பிறந்த பின்னரே தெரியவந்தன. அதாவது பத்தில் ஏழு பேருக்கு நோய் தெரியவந்தது கைக்குழந்தையுடன் இருந்தபோதுதான்.

இதற்கான காரணங்களில் ஒன்றை ஊகிப்பது கடினமல்ல. சோர்வு, மூச்சு வாங்குதல், மார்பகத்தில் கனம், இரத்தப்போக்கு ஆகிய அனைத்துக்கும் கர்ப்பமே காரணமாகக் கருதப்படுகிறது. பிரசவத்துக்குப் பின் மார்பகத்தில் கட்டி தென்பட்டால், 'பால் கட்டியிருக்கும்' என்று வீட்டிலும், சில வேளைகளில் மருத்துவமனையிலும் கூறிவிடுகின்றனர். பெரும்பாலான கட்டிகள் அத்தகையவைதாம் என்பதால், எஞ்சியவை தாமதமாகின்றன.

அதே ஆய்வில் மற்றொரு தகவலும் கவனத்துக்குரியது. 1994-இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 112.3 ஆக இருந்த விகிதம் 2007-இல் 191.5 ஆக உயர்ந்தது. பெண்கள் தாமதமாகத் தாய்மை அடைவதே காரணம் எனப் பொதுவாகக் கூறப்பட்டாலும், இந்த உயர்வில் 14 சதவீதத்தை மட்டுமே வயது விளக்கியது. நோயைக் கண்டறியும் வசதிகள் மேம்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். தேடினால் எண்ணிக்கை கூடும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. கருவின் குரோமோசோம் குறைபாட்டை அறியச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையில் வழக்கத்துக்கு மாறான முடிவு வந்த 107 பெண்களை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பரிசோதித்தது. அவர்களில் 52 பேருக்குப் புற்றுநோய் இருந்தது 2024-இல் வெளியான அந்த ஆய்வில் தெரியவந்தது.

ஆஸ்திரேலியக் கணக்கை இந்தியாவுக்கு அப்படியே கொண்டுவர இயலாது. அங்கு முதலிடம் வகிக்கும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் இங்கு அரிது. இந்தியத் தாய்மார்களின் சராசரி வயதும் குறைவு. மறுபுறம், மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்தாண்டுகள் முன்னதாகவே இந்தியப் பெண்களைத் தாக்குகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயின் சுமையும் இங்கு அதிகம். விகிதம் குறையுமா, கூடுமா என்பதை ஊகத்தால் தீர்மானிக்க முடியாது.

தீர்மானிக்கத் தேவையான பதிவுகள் நாட்டில் தனித்தனியே கிடக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டு அறிக்கைக்குத் தரவு அளித்த 28 மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் மக்கள்தொகையில் சுமார் 10 சதவீதத்தையே உள்ளடக்கின. கர்ப்பிணிகளின் விவரங்களோ இனப்பெருக்க மற்றும் குழந்தைகள் நல இணையதளத்தில் தனி அடையாள எண்ணுடன் பதிவாகின்றன. ஒரே பெண் இரண்டிலும் இடம்பெற்றாலும், அதைக் காட்டும் வழக்கமான இணைப்பு இல்லை.

இது புள்ளிவிவரப் பிரச்சினை மட்டுமன்று. கர்ப்பிணிக்குப் புற்றுநோய் என்றதும் கருவைக் கலைத்துவிட வேண்டும், அல்லது பிரசவம் வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது. அல்ட்ராசவுண்ட் பரிசோதனையையும் திசுப் பரிசோதனையையும் கர்ப்ப காலத்தில் செய்யலாம். முதல் மூன்று மாதங்கள் கடந்த பின் பல வகைக் கீமோதெரபி மருந்துகளை அளிக்க இயலும். கதிர்வீச்சு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் ஒத்திவைக்கப்படுகிறது. பெல்ஜியத்தின் ஃபிரடெரிக் அமான்ட் தலைமையிலான குழு, புற்றுநோய் கண்ட தாய்மார்களுக்குப் பிறந்த 129 குழந்தைகளை அதே எண்ணிக்கையிலான பிற குழந்தைகளுடன் ஒப்பிட்டு 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. அறிவு வளர்ச்சியிலோ இதயச் செயல்பாட்டிலோ குறைபாடு தென்படவில்லை. குறைப்பிரசவமே வளர்ச்சியைப் பாதிப்பதாகத் தெரிந்தது.

இந்தியாவில் குழந்தைக்கு 6, 10, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும் தடுப்பூசி போடப்படுகிறது. நோய் அதிகம் வெளிப்படும் அந்த ஓராண்டில் தாய் குறைந்தது நான்கு முறை சுகாதார ஊழியர் முன்னிலையில் அமர்கிறார். மார்பில் கட்டியோ, நிற்காத இரத்தப்போக்கோ உண்டா என அப்போது கேட்பதற்குப் புதிய கருவியோ தனி நிதியோ தேவையில்லை.