பழைய ஜீப்பும் மாற்று எஞ்சினும்

மலைநாடுகளிலே மருத்துவராகவும் ஆசிரியராகவும் தோட்ட அலுவலராகவும் பணியாற்றும் நம் பழைய மாணவர்கள், ஆண்டுதோறும் கல்லூரிக்கு வருங்கால் தத்தம் ஊர்ச் செய்திகளோடு தத்தம் வண்டிச் செய்திகளையும் கூறாமற் போவதில்லை. மழை பெய்தால் ஓடையாக மாறிவிடும் வழியில் ஏறி இறங்குவார்க்கு, வண்டியைப் பற்றிய கவலை அரிசியைப் பற்றிய கவலைக்கு அடுத்தபடியாக நிற்பது இயல்பேயாம். இவ்வாண்டு அவர்களுள் மருத்துவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவைக் கொணர்ந்தார். அவர் பணிபுரியும் மலையூர் மருத்துவமனைக்கு இருப்பது ஒரே ஜீப்பு. நாற்பது ஆண்டு கடந்த மஹிந்திரா சிஜே-3பி வகையினது. பெட்ரோல் எஞ்சின் உடையது. பேறுகாலத்தில் இடர்ப்படும் பெண்களையும் பாம்பு தீண்டியவர்களையும் அடிவாரத்திற்குக் கொண்டு சேர்ப்பது அதுவே. அவ்வண்டி இப்பொழுது மேட்டில் இழுப்பதில்லை, விரைவிற் சூடேறுகின்றது, நீலப் புகை கக்குகின்றது. உள்ள எஞ்சினைச் செப்பனிடுவதா, அன்றி அதனைக் கழற்றிவிட்டு வேறொரு டீசல் எஞ்சினைப் பொருத்துவதா என்பதே வினா. செலவாகவிருப்பது பழைய மாணவர் அளித்த நன்கொடைப் பணமாதலின், இதனைப் பற்றிக் கருத்துரைக்க இவ்விதழைப் படிப்போர் அனைவர்க்கும் உரிமை உண்டு. நம் கருத்தை ஈண்டுக் கூறுவோம்.

எஞ்சினின் பிளாக்கு வெடிப்பின்றி இருக்குமாயின் செப்பனிடுதலே தக்கது. மாற்றுதல் என்பது எஞ்சினை மாற்றுவதோடு முடிவதன்று. வண்டி முழுவதையும் மாற்றத் தொடங்குவதாகும். இதனை ஒப்பாதார் பலர் உளர் என்பதை நாம் அறிவோம். மருத்துவமனைக் குழுவிலேயே இளைஞர் சிலர், "இத்தனை ஆண்டு உழைத்த இரும்பில் மேலும் பணத்தைக் கொட்டுவானேன்?" என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் இரும்பு முதுமை அடைவது மனிதன் முதுமை அடைவது போலன்று. தேய்ந்த பகுதி இன்னதென்று அளந்து காணவும், அப்பகுதியை மட்டும் புதுப்பிக்கவும் இயலும். மருத்துவருக்குக் கிட்டாத இப்பேறு மெக்கானிக்குக்குக் கிட்டியிருக்கின்றது.

ஜீப்பின் பிறப்பு வரலாறே இதற்கு நல்லதொரு சான்று. 1940இல் அமெரிக்க இராணுவம் சிறு வண்டி ஒன்று வேண்டுமென்று அறிவித்தபோது பாண்டம், வில்லிஸ், ஃபோர்டு ஆகிய மூன்று கம்பெனியார் மாதிரி வண்டிகளைச் செய்து காட்டினர். ஏனைய இருவர் வண்டிகளும் 45 குதிரைத்திறனை ஒட்டியே நின்றன. வில்லிஸ் வண்டியோ 60 குதிரைத்திறன் உடையதாயிருந்தது. அவ்வெற்றி எஞ்சின் புதிதாகப் படைக்கப்பட்டதன்று. 1926இல் வந்த விப்பெட் என்னும் சிறு காரின் எஞ்சினே அதன் மூதாதை. 1930களில் அது 48 குதிரைத்திறன் அளவில், நெடுநேரம் விரைந்து ஓடமாட்டாததாய் இருந்தது. டெல்மர் ரூஸ் என்னும் தலைமைப் பொறியாளர் அதனை எறிந்துவிடவில்லை. பிஸ்டனை இலேசாக்கினார், உறுப்புகளின் இடைவெளிகளைச் செம்மையாக்கினார், உறுதியான உலோகங்களைப் புகுத்தினார். ஈற்றில் அவ்வெஞ்சின் நிமிடத்துக்கு 4400 சுற்று வீதம் 150 மணி நேரம் பழுதின்றி ஓடிற்று. உலகப்போர் முழுவதும் சேற்றிலும் மணலிலும் உழைத்தது அதுவே.

மருத்துவமனை ஜீப்பில் உள்ளது அதற்கு அடுத்த தலைமுறை எஞ்சின். அளவு அதே 134 கன அங்குலம்; உள்வால்வுகள் மட்டும் மேலேறி ஹெட்டில் அமர்ந்தன. அதனால் எஞ்சின் உயர்ந்தது. பழைய பானெட்டின் கீழ் அது அடங்கவில்லை. ஆகவே 1953இல் சிஜே-3பி வந்தபோது வில்லிஸ் கம்பெனியார் பானெட்டையே உயர்த்திக் கட்டினர். உறவினன் போன்றதோர் எஞ்சினைப் புகுத்தவே, உருவாக்கிய கம்பெனிக்கு வண்டியின் முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று என்றால், காயலான் கடையில் வாங்கிய அயல் எஞ்சினை ஊர்ப் பட்டறையில் புகுத்துவோர்க்கு எத்தனை மாற்றங்கள் காத்திருக்கும்!

நிற்க. மருத்துவரை நாம் முதலில் வினவியது, "அளந்து பார்த்தீர்களா?" என்பதே. இல்லை என்றார். பெரும்பாலார் அளப்பதில்லை, புகையைக் கண்டவுடன் எஞ்சினுக்கு விலை கேட்கப் புறப்பட்டுவிடுகின்றனர். அளத்தல் அரிய காரியமன்று. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்ற வேண்டும். அழுத்தம் குறைந்துள்ள சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் தேய்ந்தது ரிங்கும் சிலிண்டர்ச் சுவரும். ஏறாவிடில் பழுது வால்விலோ கேஸ்கட்டிலோ உள்ளது. பின்பு எஞ்சின் நன்கு சூடேறியபின் ஆயில் அழுத்தத்தை நோக்கவேண்டும்; அது மிகத் தாழ்ந்தால் கிராங்க் பேரிங்குகளை ஐயுற வேண்டும். புகையும் ஒரு மொழி பேசும். நீலம் ஆயில் எரிவதைக் கூறும். கருமை காற்றுப் போதாமையையோ எரிபொருள் மிகுதியையோ கூறும். வெண்புகை ஓயாது வருமாயின் தண்ணீர் உட்புகுகின்றது என்று அஞ்ச வேண்டும்.

இவ்வாறு அளந்த செய்தியை மருத்துவர் பின்னர் எழுதியிருந்தார். இரண்டு சிலிண்டர்கள் நலமாயிருந்தன. ஒன்றில் ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறிற்று. மற்றொன்றில் ஏறவில்லை, இவ்வகை எஞ்சினில் பிளாக்கிலேயே அமர்ந்திருக்கும் வெளிவால்வு அங்குக் கருகிப்போயிருந்தது. சூடேறுவதற்குக் காரணமோ எஞ்சினே அன்று; ரேடியேட்டரின் குழாய்களிற் பாதி சேறும் துருவும் அடைத்துக் கிடந்தன. இதனோடு பின்சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமற் பிடித்துக்கொண்டும் இருந்ததாம். இழுக்கவில்லை என்னும் குற்றச்சாட்டில் ஒரு பங்கு அந்தப் பிரேக்கைச் சாரும். எஞ்சினை மாற்றியிருந்தாலும் அடைபட்ட ரேடியேட்டரும் பிடித்த பிரேக்கும் அப்படியே இருந்திருக்கும் அன்றோ?

இனிச் செப்பனிடும் முறை. சிலிண்டர்களைப் போரிங் செய்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 30, 40 பங்கு என்று படிப்படியாகப் பருத்த பிஸ்டன்களை இடலாம். கடைசிப் படியும் கடந்துவிட்டால் ஸ்லீவ் இறக்கி மீண்டும் பழைய அளவுக்கு வரலாம். கிராங்கையும் அவ்வாறே கடைந்து, அதற்கேற்பத் தடித்த பேரிங்குகளை இடலாம். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆதலின் வெளிவால்வுகளுக்குக் கடினமான சீட்டு உண்டா என்று பார்த்து, இல்லையேல் இப்பொழுதே பதித்துக்கொள்வது நலம். இன்று விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்ப்பரேட்டரின் டயப்ரம், கேஸ்கட்டுகளையும் அதனைத் தாங்கும் வகையினவாக மாற்றிவிட வேண்டும். இத்தனையும் செய்தபின் எஞ்சின் தன் பழைய மவுண்டிங்கிலேயே அமரும். தன் பழைய கியர் பாக்ஸோடே பொருந்தும். வெல்டிங் கோல் வண்டியைத் தீண்ட வேண்டியதில்லை.

டீசல் எஞ்சினைப் பொருத்துவதாயின் நேர்வது யாது? கியர் பாக்ஸோடு சேர்க்க இடைத்தகடு வேண்டும். சேஸிஸில் புதிய மவுண்டிங் வெல்டு செய்ய வேண்டும்; டீசலின் அதிர்வு அவ்வெல்டிங்கை நாள்தோறும் சோதிக்கும். ஆயில் சம்ப் முன் ஆக்ஸில் மீது இடியாதபடி அமைக்க வேண்டும். ரேடியேட்டர், சைலன்சர்க் குழாய், பாட்டரி, சிலபோது புரொப்பெல்லர் ஷாஃப்டும் மாறும். முன்பாரம் மிகுதலின் பட்டைகள் தாழ்ந்து, ஸ்டியரிங் கனக்கும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவன. தெரியாதவை இரண்டு உள. சிஜே-3பியில் முதற் கியரும் தாழ்ந்த டிரான்ஸ்பர் கியரும் ஆக்ஸிலின் 5.38 விகிதமும் ஒன்றையொன்று பெருக்கி, எஞ்சினின் முறுக்கு விசையைச் சுமார் 37 மடங்காக்கிச் சக்கரங்களுக்கு அளிக்கின்றன. எஞ்சினின் விசையில் மூன்றில் ஒரு பங்கு மிகுந்தால், ஆக்ஸில் ஷாஃப்டு தாங்கவேண்டிய விசையும் அதே வீதத்தில் மிகும். பாறையிடைச் சக்கரம் சிக்கிய வேளையில் முறிவது புதிய எஞ்சின் அன்று, பழைய ஷாஃப்டே. மேலும் அந்த 5.38 விகிதம் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்கென அமைந்தது. 3000 சுற்றோடு நிற்கும் டீசலைப் பொருத்தினால் சமவெளிச் சாலையில் மணிக்கு 75 கிலோமீட்டரை ஒட்டியே வண்டி ஓடும். அது குறையென்று ஆக்ஸில் விகிதத்தையும் மாற்றப் புகுவோர், மலையில் ஊர்ந்தேறும் ஆற்றலை அங்கே இழக்கின்றனர்.

மற்றது இறக்கத்தைப் பற்றியது. நோயாளியோடு வண்டி இறங்கத்தானே போகின்றது! பெட்ரோல் எஞ்சினில் மிதியினின்று காலை எடுத்தவுடன் காற்றுவழி மூடிக்கொள்ள, எஞ்சினே வண்டியைப் பின்னின்று பற்றி இழுக்கின்றது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அவ்வடைப்பு இல்லை. ஆதலின் அப்பிடிப்பும் குறைவு. அவ்வளவும் 9 அங்குல டிரம் பிரேக்குகளின் தலையில் விழும். பூஸ்டர் உள்ள பிற்கால ஜீப்புகளிலோ, டீசலுக்கு மாறுங்கால் தனியே ஒரு வாக்குவம் பம்பும் பொருத்தியாக வேண்டும். அதனை மறந்தவர்கள் முதற் கொண்டையூசி வளைவிலேயே நினைவுகூர்வர்.

சட்டமும் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எஞ்சின் எண்ணும் எரிபொருளும் பதிவுச் சான்றில் எழுதப்பெற்றவை. பதினைந்தாண்டு கடந்த வண்டி ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குச் செல்ல வேண்டும். அங்கே எண் ஒவ்வாவிடில் வண்டி நின்றுவிடும். அதனினும் பெரிது, விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் எழுப்பும் கேள்வி. "மலையில் யார் பார்க்கின்றார்கள்?" என்பது தனியாருடைய விடையாகலாம், பிறர் உயிரைச் சுமக்கும் மருத்துவமனைக்கு அவ்விடை ஒவ்வாது.

டீசல் கட்சியாரின் வலுவான வாதம் எரிபொருட் செலவே. அதனைக் கணக்கிட்டே பார்ப்போம். பெட்ரோல் ஜீப்பு லிட்டருக்கு 8 கிலோமீட்டரும் டீசல் 12 கிலோமீட்டரும் ஓடுவதாகவும், இரண்டும் லிட்டர் 100 ரூபாய் என்றும் கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். மருத்துவமனை வண்டி ஆண்டிற்கு ஓடுவது ஏறத்தாழ 3000 கிலோமீட்டர். பெட்ரோல் 375 லிட்டர். டீசல் 250 லிட்டர். மிச்சம் 12,500 ரூபாய். மாற்றும் செலவு செப்பனிடும் செலவினும் ஒரு லட்சம் மிகுமாயின் அது திரும்பி வர எட்டாண்டு செல்லும். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து பயணிகளை ஏற்றிச் செல்வன போன்ற வாடகை ஜீப்புகளின் நிலை வேறு. ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியாயின் அதே கணக்கில் 83,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ஓராண்டும் சில திங்களும் போதும். அத்தகையோர் டீசலை நாடுவதை நாம் குறைகூற மாட்டோம். ஆயின் அவர்கட்கும், டீசலாகவே உற்பத்தியாகிப் பதிவான ஜீப்பை வாங்குமாறே கூறுவோம். மஹிந்திரா கம்பெனியே 1980களில் பெஜோவின் 2112 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினை எம்எம்540 ஜீப்பில் பொருத்தி விற்றது. அதில் எஞ்சினுக்கேற்ற மற்ற உறுப்புகளையும் அவர்களே அமைத்துவிட்டனர்.

பிளாக்கு வெடித்திருந்தாலோ, கிராங்கு கடைசல் அளவெல்லாம் கடந்து பேரிங்கு கிடையாதொழிந்தாலோ நம் கருத்து மாறும். அப்பொழுதும் முதலில் தேடவேண்டியது அதே வகையைச் சார்ந்த மற்றோர் எஞ்சினை. அதனையும் வாங்குமுன் மேற்கூறிய அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். புதிய எண்ணைப் பதிவு அலுவலகத்திலும் முறைப்படி எழுதுவித்துக்கொள்ள வேண்டும். வரலாறு அறியாத எஞ்சினை வாங்குவது, அறிந்த நோயைக் கொடுத்து அறியாத நோயைப் பெறுவதாகும்.

ஆதலின் மருத்துவமனைக் குழுவினர்க்கு நாம் பரிந்துரைப்பது இது. பிளாக்கை நீரழுத்தத்தால் சோதித்து வெடிப்பில்லை எனக் கண்டபின் போரிங்கும் வால்வு வேலையும் செய்க. ரேடியேட்டரைப் புதிதாகக் கட்டுக. மிஞ்சும் பணத்தை வங்கிக்கு அனுப்பாமல் நான்கு சக்கரங்களின் பிரேக் சிலிண்டர்களையும் லைனிங்குகளையும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றுக. வேலை முடிய மூன்று வாரமேனும் ஆகும். அதுவரை அடிவாரத்தில் வாடகை ஜீப்பு ஒன்றை இரவும் பகலும் அமர்த்திவைக்க வேண்டும். அவ்வாடகையையும் சங்கத்தின் கணக்கிலேயே எழுதுமாறு செயலாளரை வேண்டிக்கொள்கின்றோம்.