சித்தாள் கையில் செங்கல்!

போன லீவுக்கு கீரனூர் போனா, எங்க வீட்டு மாடியில் ரூம் கட்டுற வேலை. "சிவில்தானே படிக்கிறே, வந்து நில்லு"ன்னு அப்பா வெயிலில் நிறுத்திட்டார். அங்கே கிடைச்சதுதான் இந்த வார மேட்டர்.

ஒரிஜினல் பிளான் பீரோவில் பத்திரம். சைட்டுக்கு வந்தது ஜெராக்ஸ். கொத்தனார் கட்ட, சித்தாள் கல் எடுத்துத் தரணும். உங்க செல்லுக்குள்ளேயும் இதே கதைதான் பாஸ்! பீரோவில் இருக்கிறது டி.என்.ஏ. ஜெராக்ஸ், மெசஞ்சர் ஆர்.என்.ஏ. கொத்தனார், ரைபோசோம். கல், அமினோ அமிலம், 20 வகை. கட்டி முடிச்ச சுவர், புரதம். சித்தாள்தான் நம்ம ஹீரோ... டிரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ!

இவருக்கு ஒரு கையில் ஒரே ஒரு கல், மறு கையில் மூணு எழுத்து டோக்கன். ஜெராக்ஸில் உள்ள மூணு எழுத்தோட டோக்கன் ஜோடி சேர்ந்தா, கல் சுவரில் ஏறும். ஆனா, கொத்தனார் பார்க்கிறது டோக்கனைத்தான், கல்லை இல்லை! 1962-ல் ஒரு சோதனை. டோக்கனைத் தொடாம, கையில் இருந்த சிஸ்டீனை மட்டும் அலனைனா மாத்தினாங்க. ரைபோசோம் அசரவே இல்லை. சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனைனை வெச்சுக் கட்டிருச்சு! அதனாலதான் சரியான கல்லை ஏத்திவிடவே தனித்தனி என்சைம்கள் இருக்கு.

இந்த டோக்கன் செக்கிங் எப்படி நடக்குதுன்னு காட்டினவர் நம்ம சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2000-ல் ரைபோசோமின் சின்னப் பாதியோட அமைப்பை அவர் குழு வெளியிட்டுச்சு. டி.பி-க்குக் கொடுக்கிற ஸ்ட்ரெப்டோமைசின் எங்கே போய் ஒட்டுதுன்னும் காட்டுச்சு. அந்த மருந்து, கிருமியோட கொத்தனாரைக் குழப்பி, தப்பு டோக்கனையும் ஓகே பண்ண வைக்குது. கோணல் புரதங்கள் சேர்ந்து கிருமி காலி! நம்ம கொத்தனார் கொஞ்சம் வேற அமைப்பு என்பதால், பெரும்பாலும் தப்பிச்சுக்கிறார். 2009-ல் ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத்தோடு சேர்த்து.

அவர் டாக்டர் பட்டம் வாங்கினது எதில் தெரியுமா? பிசிக்ஸில்! 1976-ல் அதை முடிச்ச கையோட, மறுபடி மாணவரா உட்கார்ந்து பயாலஜி படிச்சார்.

"தப்பான டிபார்ட்மென்ட்ல மாட்டிக்கிட்டோமே"ன்னு கேன்டீனில் புலம்புறவங்களே... கையில் இருக்கிற டோக்கனை மாத்திக்க முடியாதது டிரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ-வுக்குத்தான். நமக்கு இல்லை!